பைரவி கேட்ட அன்பர்

அறையில் மூன்று பேர் வியர்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறியை நிறுத்தியாயிற்று, ஓடினால் அதன் இரைச்சல் மைக்ரோபோனில் விழும். சுவர்க் கடிகாரம் பத்தரையைத் தாண்டியிருந்தது. பாடிக்கொண்டிருந்த அம்மாள் சஹானாவை முடித்துவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார். சிவப்பு விளக்கு எரிகிறபோது வாயைத் திறக்க முடியாது. விரலால் கதவைக் காட்டினார். போகட்டுமா என்று அர்த்தம்.

நான் ஒரு விரலை உயர்த்தினேன். இன்னும் ஒன்றே ஒன்று.

அவர் உள்ளங்கையைத் தம் நெற்றியில் வைத்துக் காட்டினார். குழந்தைக்குக் காய்ச்சல். எனக்குத் தெரியும், வந்தவுடனேயே சொல்லியிருந்தார். தெரிந்தும் நான் மைக்ரோபோன் பக்கம் குனிந்தேன்.

"அன்பர்களே, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் இசையன்பர் விரும்பிக் கேட்டதற்கிணங்க, இப்போது பைரவி ராகத்தை விரிவாகக் கேட்பீர்கள்."

சொன்ன பிறகு அவருக்கு வேறு வழி இல்லை. பாடினார்.

சென்ற வாரம் மைக்ரோபோனுக்கு முன்னால் நான் தும்மிய கதையைப் படித்துச் சிரித்ததாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றுமில்லை. இதை எழுதாமலே தொடரை முடித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் ரேடியோவில் பேசினேன், பேசினேன் என்று இத்தனை வாரம் பெருமை அடித்துக்கொண்டவன், அதனால் விளைந்ததையும் சொல்லத்தானே வேண்டும்?

சாக்குத் தொங்கிய அறை

முப்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பினாங்குத் தீவில் ரேடியோப் பித்துப் பிடித்த சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து ஒலிபரப்பினார்கள். சம்பளம் வாங்குகிறவர் யாரும் இல்லை. பகலில் அவரவர் வேலை, மாலையில் ரேடியோ.

ஒரு கடை வீட்டின் மாடி அறைதான் எங்கள் நிலையம். எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் அரிசிச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தோம். அவற்றின் தூசியும், சூடேறிய வால்வுகளின் வாடையும் சேர்ந்து ஒரு மணம் வரும். பெருமழை பிடித்தால் தகரக் கூரை இரைச்சலில் பாட்டு மூழ்கிவிடும்.

நல்ல நேரமெல்லாம் மற்ற பாஷைக்காரர்களுக்குப் போய்விட்டது. தமிழுக்கு வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தது. அதிலும் கர்நாடக சங்கீதத்துக்கு மிஞ்சியது சனிக்கிழமை இரவு பத்து மணி முதல் பதினொன்று வரை. அந்த ஒரு மணி நேரம் என் பொறுப்பு. ஒரு வாரம் இசைத்தட்டுகள், மறுவாரம் யாராவது நேரில் வந்து பாடுவார்கள்.

யார் கேட்டார்கள் என்கிறீர்களா? ரேடியோப் பெட்டி வைத்திருந்த தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒரு கடைக்காரர் வாங்கிவிட்டால் போதும், கடை முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதையில் முப்பது பேர் நின்று கேட்பார்கள். கப்பித்தான் பள்ளிவாசலுக்கு எதிர்வரிசையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில், வந்தவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டிருப்பதாக முதலாளி அலுத்துக்கொள்வார். எனக்கு அது தேன்.

வேதக்காரன் வாயில் கீர்த்தனை

நான் கத்தோலிக்கன். பெயர் சூசை. பகலில் ஒரு கப்பல் ஏஜண்டு ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் தகப்பனார் கோயில் பாடகர் குழுவில் பிடில் வாசித்தவர். பிடில் நன்றாக வரவேண்டுமென்று என்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்த ஓர் ஐயரிடம் அனுப்பினார். எனக்குக் கை வரவில்லை. காது வந்தது.

"வேதக்காரன் வாயில கீர்த்தனையா?" என்று கேட்டு முதல் மாதமே மொட்டைக் கடுதாசி வந்தது. பங்குச் சாமியாருக்கும் என்மேல் வருத்தம். சனிக்கிழமை இரவு முழுக்கச் சாமி பாட்டுப் போட்டுவிட்டு ஞாயிறு பூசைக்குக் கண் சிவந்து வருகிறானே என்று. இரண்டு பக்கமும் இடி வாங்கியவனுக்குப் புகழ்ச்சி என்றால் எப்படி இருக்கும்! யாராவது ஒரு வரி பாராட்டி எழுதினால் அந்தக் கடிதத்தை ஒரு சிகரெட் டின்னில் போட்டு வைப்பேன். தூக்கம் வராதபோது எடுத்துப் படிப்பேன்.

அந்த டின்னை இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

பெயர் சொல்லக் கூடாது

எங்களுக்கு மிருதங்கம் வாசித்த சாமிக்கண்ணு, ஆயர் ஈத்தாம் என்ற மலையடிவார ஊரில் குடியிருந்தான். ஒரு நாள் ஓடிவந்தான்.

"சூச, எங்க பசார்ல ஒரு அக்கா ஆப்பம் விக்குதுலா. ஆப்பம் ஊத்திக்கிட்டே தோடி பாடுது. சும்மா இல்ல, நெசமான தோடி. நீ வந்து கேளு."

போய்க் கேட்டேன். மலையடிவாரத்து ஈரக் காலை. அடுப்புப் புகைக்கு நடுவில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான பெண். பக்கத்தில் ஏழு வயது மகள் தேங்காய்ப்பால் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் ராசாத்தி. அந்த அம்மாள் வாய்க்குள்ளேதான் பாடினார். ஆனாலும் நான் வாங்கிய ஆப்பம் கையிலேயே ஆறிப்போயிற்று.

தம் பெயரை ராஜம் என்று சொன்னார். ஊரில் அப்பா நாயனம் வாசித்தவராம். ரேடியோவில் பாட வருவீர்களா என்று கேட்டதும் முகம் வெளிறியது. அன்று மறுத்துவிட்டார். மூன்றாம் வாரம் சாமிக்கண்ணுவிடம் சொல்லி அனுப்பினார்.

"பாடறேன் தம்பி. ஆனா பேரு சொல்லக் கூடாது. எங்க இருக்கேன்னும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணிக் குடுங்க."

"ஏன்க்கா?"

"அக்கரையில ஒரு தோட்டத்துல எம் புருசன் டிரெஸ்ஸரா இருக்காரு. ஆஸ்பத்திரி வேல. புள்ளைக்கு மலேரியா, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன்னு பெரிப் படகு ஏறினவதான். ரெண்டு வருசமாச்சு. திரும்பிப் போகல."

"அவர் ரேடியோ கேட்டுட்டா?"

முதல்தடவையாகச் சிரித்தார். "அந்தத் தோட்டத்துல தொர பங்களாவுல மட்டும்தான் ரேடியோ. தொர தமிழ்ப் பாட்டா கேப்பாரு?"

சத்தியம் செய்து கொடுத்தேன்.

பாட உட்கார்ந்ததும் சுருதிப் பெட்டியைத் தமக்கு வலது பக்கம் நகர்த்தி வைக்கச் சொன்னார். எல்லாரும் இடது பக்கம்தானே வைத்துக்கொள்வார்கள் என்றேன். "எனக்கு எடது காது கேக்காது தம்பி" என்றார். பிறவியிலேயே அப்படியா என்று முட்டாள்தனமாகக் கேட்டேன்.

"இல்ல. அவருக்குச் சங்கீதம்னா உசுரு. வேல முடிஞ்சு வந்து பாடச் சொல்லுவாரு. ஒரு எடத்துல சுருதி விலகிச்சுன்னா அறை விழும். எப்பவும் இந்தப் பக்கம்தான்."

சாமிக்கண்ணு மிருதங்கத்தில் ரவை ஒட்டிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். அந்த அம்மாள் ஒன்றும் நடக்காததுபோல் சுருதி சேர்த்துக்கொண்டார்.

'ஒரு பெண்மணி பாடுகிறார்' என்று மட்டும் அறிவித்தேன். ராசாத்தி அன்று மூலையில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் படுத்துத் தூங்கிவிட்டாள். நாலைந்து மாதம் அப்படி நடந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவர் வருவார். பாடி முடித்துப் படி இறங்கும்போது அவர் நடையே வேறாக இருக்கும். காலையில் ஆப்பச் சட்டிக்கு முன் குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணா இவர் என்று தோன்றும். ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "அடி வாங்காம ஒரு பாட்ட முழுசாப் பாடுறது எப்படி இருக்கும்னு எனக்கு இப்பத்தான் தம்பி தெரியுது."

மூன்று கடிதங்கள்

முதல் கடிதம் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்தது. அங்குள்ள ஒரு மளிகைக் கடையின் முகவரி. கீழே 'ஓர் இசையன்பர்' என்று மட்டும் கையெழுத்து. அச்சுப்போன்ற எழுத்து. தாம் கடை அஞ்சடியில் நின்று கேட்பதாகவும், ராகத்தின் பெயரைத் தவறில்லாமல் சொல்லும் அறிவிப்பாளர் இந்த மலாய் நாட்டில் இருப்பதே தெரியாது என்றும், என் தமிழ் உச்சரிப்பு மணி அடித்தாற்போல் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். அந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு வரிதான்: 'சுருதி சுத்தம்.'

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதில் எழுதினேன். அதில் தவறு ஒன்றுமில்லை. நன்றி சொல்லி, அடுத்த வாரம் என்ன ராகம் என்று எழுதினேன், அவ்வளவுதான்.

இரண்டாவது கடிதம் அக்கறையாக இருந்தது. போன சனிக்கிழமை அந்த அம்மாளுக்கு மேல் ஸ்தாயியில் மூச்சு வாங்கியதைக் கவனித்தீர்களா? நெஞ்சில் சளியா? ஈரமான இடத்தில் குடியிருக்கிறார்களோ? நல்ல சாரீரத்தைப் பாதுகாக்க வேண்டியது நம்மைப் போன்ற ரசிகர்கள் கடமை அல்லவா?

'நம்மைப் போன்ற' என்ற அந்த வார்த்தையில் நான் விழுந்தேன்.

நான் எழுதிய பதில் வரிக்கு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது. 'தாங்கள் ஊகித்தது சரி. மலையடிவாரத்தில் ஆயர் ஈத்தாம் பசாருக்குப் பின்னால் ஒரு சீன நோன்யா அம்மாளின் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறார்கள். ஈரம்தான். விடியலில் எழுந்து அடுப்புப் புகையில் ஆப்பம் சுட்டுக் குழந்தையைக் காப்பாற்றும் கஷ்ட ஜீவனம். பாட வரும் இரவுகளில் குழந்தையை அந்த நோன்யாவிடம் விட்டு வருகிறார்கள். பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை, மன்னிக்கவும்.'

பெயரைச் சொல்லவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று நான் மெய்யாகவே நம்பினேன்.

மூன்றாவது கடிதம் ஒரு விண்ணப்பம். வரும் சனிக்கிழமை நண்பர்கள் சிலரைக் கேட்க அழைத்திருக்கிறாராம். கடைசியாக பைரவி பாடச் சொல்ல வேண்டும். அவசரப்படுத்தாமல், பதினொரு மணி வரை விஸ்தாரமாகப் பாடவிட வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை

ராசாத்தியைக் காய்ச்சலோடு நோன்யாவிடம் விட்டுவிட்டு அந்த அம்மாள் தனியாக வந்தார். "பத்தரைக்கு விட்டுடுங்க தம்பி" என்றார். சரி என்றேன்.

விடவில்லை. அதைத்தான் முதலில் சொன்னேன்.

அந்த பைரவியைப் போல் நான் பிறகு கேட்டதில்லை. அவசரத்தில் தொடங்கியவர், இரண்டாம் சங்கதிக்குள் தம்மை மறந்துவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் எந்திரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த மிஸ்டர் லிம்முக்கு ஒரு தமிழ் வார்த்தை தெரியாது. அவர்கூடத் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கேட்டார். பதினொன்று அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது முடிந்தது. கடைசி பஸ் போய்விட்டிருந்ததால் சாமிக்கண்ணு ரிக்‌ஷா பிடித்து அழைத்துப் போனான். நான் வீட்டுக்கு நடந்தேன். புக்கிட் மெர்தாஜாம் அன்பர் என்ன எழுதுவார் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

கோயில் வாசலில்

காலைப் பூசை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நேற்றுக் கட்டியிருந்த அதே சேலை. பக்கத்தில் சாமிக்கண்ணு.

"தம்பி, எங்க வீடு எங்க இருக்குன்னு யாருகிட்ட சொன்னீங்க?"

"யாருகிட்டயும் சொல்லலக்கா."

வாய் தானாகச் சொன்ன பொய். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது.

சாமிக்கண்ணுதான் நடந்ததைச் சொன்னான். ராத்திரி பத்தேகாலுக்கு ஒருவர் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார். வெள்ளைக் கோட்டு, கையில் மருந்துப் பை. நோன்யாவிடம் மலாயில் பணிவாகப் பேசி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்த்து மருந்து கொடுத்திருக்கிறார். 'அப்பா' என்று ராசாத்தியே சொன்னதால் நோன்யா சந்தேகப்படவில்லை. அடுத்த கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததாம். வந்தவர் அதைக் காட்டி, "இவ அம்மா இன்னும் பாடிக்கிட்டுத்தான் இருக்கா, நான் போய் அவளையும் கூட்டிக்கிறேன்" என்று சொல்லிக் குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

பதினொரு மணி வரை தாய் திரும்ப மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதற்கு ஏற்பாடு செய்து கொடுத்தவன் நான்.

வீட்டுக்கு ஓடி அந்த சிகரெட் டின்னை எடுத்து வந்தேன். மூன்று கடிதங்களையும் அந்த அம்மாள் கையில் வைத்தேன். பிரித்துப் படிக்கவில்லை. உறைமேல் எழுத்தைப் பார்த்ததும் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"நான் பொய் சொன்னேன்க்கா. இவருக்கு எழுதினேன்."

"தெரியுது" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். "வாங்க, போய்த் தேடுவோம்" என்றுமட்டும் சொன்னார்.

இக்கரையும் அக்கரையும்

கடிதத்தில் இருந்தது புக்கிட் மெர்தாஜாம் முகவரி. என் கால்கள் அந்தப் பக்கமே ஓடின. சாமிக்கண்ணுவுக்கு மதியம் வேலை; நானும் அந்த அம்மாளும் மட்டும் ரயில்வே பெரி ஏறி அக்கரையிலுள்ள பிறைக்குப் போய், அங்கிருந்து ரயிலில் போனோம். பூசைக்குப் போட்ட கோட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

மளிகைக் கடைக்காரர் நல்ல மனிதர். விஷயம் தெரியாமல் சிரித்தபடி வரவேற்றார்.

"டிரெஸ்ஸர் நடேசனா? சனிக்கெழமையானா வந்துருவாருலா. அந்தத் தூண் ஓரமா பெஞ்சுல உக்காந்து, கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாரு. கண்ணுல தண்ணியா ஊத்தும். அப்படி ஒரு ரசிகர். வேலைய விட்டுட்டாரே, தெரியாதா? மூணு நாளு முன்னாடி வந்து சொல்லிட்டுப் போனாரு. ஊருக்குப் போறாராம். ஞாயித்துக்கெழமை கப்பலாம்."

அன்று ஞாயிற்றுக்கிழமை.

எந்தக் கப்பல் எப்போது கிளம்பும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் என் பிழைப்பு. நாகப்பட்டினம் கப்பல் அன்று மத்தியானம் புறப்படுகிறது என்று வெள்ளிக்கிழமை நானே பலகையில் எழுதியிருந்தேன். காலையில் அது என் புத்தியில் எட்டவில்லை. அந்த மனிதர் எங்கள் ஊரிலேயே, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே குழந்தையோடு காத்திருக்க, நான் அவள் தாயைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறேன்.

ரயிலுக்காகக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

திரும்பும் பெரி பாதிக் கடலில் வரும்போது கப்பலைப் பார்த்தோம். நங்கூரம் எடுத்தாகிவிட்டது. புகைபோக்கியின் நிறத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. மெதுவாக வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் ஜனங்கள் எறும்பு எறும்பாகத் தெரிந்தார்கள். எந்த எறும்பு குழந்தை என்று யார் சொல்ல முடியும்?

"அதுதானா தம்பி?"

"ஆமாக்கா" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க. நீங்க சொன்னது காதுல விழல."

நான் அவருடைய வலது பக்கமாகப் போய் நின்று இரண்டாம் தடவை சொன்னேன். "ஆமாக்கா. அதுதான்."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கப்பல் மறையும்வரை நின்றார். அழவில்லை. யாரோ ஒரு சீனக் கிழவர் தம் இடத்தைவிட்டு எழுந்து உட்காரச் சொன்னார். அதையும் அவர் கவனிக்கவில்லை.

சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுதுகிற இடத்தில் இருந்தவர் தமிழர். பேனாவை எடுக்காமலே கேட்டார். "தூக்கிட்டுப் போனது யாரு?"

"அதோட அப்பன்."

"அப்பன்தானேலா? வெளியாளா? அப்பன் புள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போனா அதுக்குப் பேரு திருட்டா? இந்தம்மா வீட்டை விட்டு ஓடி வந்தது ஒன்னும் தப்பில்ல, அவன் கொண்டு போனதுதான் தப்பாக்கும்."

வெளியே வந்தோம். திங்கட்கிழமை ஆபீசில் டெக் பிரயாணிகள் பட்டியலைப் பார்த்தேன். இருந்தது. ஓர் ஆண், ஒரு பெண் குழந்தை.

மைக்ரோபோனில் சொந்தச் செய்தி கூடாது

அடுத்த சனிக்கிழமை இசைத்தட்டு வாரம். நான் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. அந்த அம்மாள் வந்து நின்றார்.

"தம்பி, நான் பேசணும்."

"பேசுங்கக்கா."

"உங்ககிட்ட இல்ல. அதுல." மைக்ரோபோனைக் காட்டினார். "அவரு எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. ஆறு மாசத்துக்கு ஒரு ஊரு சொல்லுவாரு. கல்யாணம் நடந்தது கோயில்ல. யாருக்காவது தெரிஞ்சிருக்கும். கேக்கணும்."

சங்கத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒலிபரப்பில் யாருடைய சொந்தச் செய்தியும் வரக்கூடாது. அதற்காக அரசாங்கம் அனுமதியையே எடுத்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லி எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் கண்ணாடி வழியே மிஸ்டர் லிம்மைப் பார்த்தேன். நடந்ததெல்லாம் சாமிக்கண்ணு அவரிடம் சொல்லியிருந்தான். அவர் கை நிறுத்துகிற விசையின் மேலிருந்தது. எங்களை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். அவரை உட்கார வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எம் பேரு தையல்நாயகி."

ராஜம் என்று அழைத்துக்கொண்டிருந்த எனக்கே அது புதுப் பெயர்.

"நாலைஞ்சு மாசமா பேரு சொல்லாம இங்க பாடினது நான்தான். எம் புருசன் பேரு நடேசன், அக்கரைத் தோட்டத்துல டிரெஸ்ஸரா இருந்தவரு. எம் மகள், காய்ச்சலோட இருந்த புள்ளைய, நான் இங்க பாடிக்கிட்டு இருந்த நேரத்துல தூக்கிட்டுக் கப்பல் ஏறிட்டாரு. அவரு சொந்த ஊரு யாருக்காவது தெரிஞ்சா இந்த ரேடியோவுக்கு ஒரு கடுதாசி போடுங்க. என் பாட்டு நல்லாருக்குன்னு எழுதினவங்க உங்கள்ல பல பேரு. அதுக்குப் பதிலா இதச் செய்ங்க."

அவ்வளவுதான். குரல் நடுங்கவே இல்லை. எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்து ஒரு தட்டைப் போட்டேன். என்ன தட்டு என்று இன்றுவரை ஞாபகம் வரவில்லை. ராகத்தின் பெயரையும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. இதுநாள்வரை செய்த தொண்டுக்கு நன்றி, இனி வரவேண்டியதில்லை. மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் குறை இல்லை.

அந்த வாரம் வந்த கடுதாசிகளைச் சாமிக்கண்ணு சங்கத்திலிருந்து கொண்டுவந்து தந்தான். முக்கால்வாசி வசவு. ஓடிப்போனவளுக்கு மைக்ரோபோனா என்று கேட்டிருந்தார்கள். ஒன்று மட்டும் புக்கிட் மெர்தாஜாம் மளிகைக் கடைக்காரர் எழுதியது. நடேசனுக்கு வரும் தபாலெல்லாம் அவர் கடைக்குத்தானே வரும். தமக்கை அனுப்பும் கடிதங்களின் பின்புறம் ஊர்ப்பெயர் இருக்கும். திருவாரூர்ப் பக்கத்தில் ஒரு கிராமம். எழுத்துக்கூட்டி எழுதி, அடியில் 'அவனுக்கு நான் பெஞ்சு போட்டு உட்கார வைத்தேன், அம்மாவிடம் மன்னிப்புச் சொல்லவும்' என்று முடித்திருந்தார்.

அடுத்த கப்பலுக்கு டிக்கெட் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையல்நாயகி அம்மாள் வேண்டாமென்று மறுக்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை. அது நியாயம்தான். கப்பலுக்குப் போகும் சம்பான் படகில் ஏறும்போது நோன்யா கொடுத்த துணி மூட்டையைமட்டும் மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதில் ராசாத்தியின் சட்டைகள் இருந்தன.

ஒரு வருஷம் கழித்து

ஆபீஸ் முகவரிக்கு ஒரு கார்டு வந்தது. பென்சிலில் நுணுக்கி எழுதியிருந்தார். நான் திரும்பத் திரும்பப் படித்ததில் ஒரு சொல்கூட மறக்கவில்லை. அவர் எழுதியபடியே தருகிறேன்.

'தம்பிக்கு. ஊரைக் கண்டுபிடித்து வந்து சேர்ந்தேன். அவர் பிள்ளையைத் தமக்கை வீட்டில் விட்டுவிட்டு ரங்கூனுக்குப் போய்விட்டார். தமக்கை என்னை வாசலோடு நிறுத்திவிட்டாள். பஞ்சாயத்து வைத்தேன். ஓடிப்போனவளுக்குப் பிள்ளை இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். நான் ஊரை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீர் ஊற்றும் வேலை கேட்டு வாங்கிக்கொண்டேன். ராசாத்தி அங்கேதான் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். என்னைப் பற்றி என்னவோ சொல்லி வைத்திருக்கிறார்கள். மத்தியானம் மற்றப் பிள்ளைகளோடு வரிசையில் வந்து கையை ஏந்துவாள். நான் ஊற்றுவேன். நிமிர்ந்து பார்க்க மாட்டாள். எட்டு மாதமாக இப்படித்தான். முந்தாநாள் அதிகமாக ஊற்றிவிட்டேன் போலிருக்கிறது. போதும் என்றாள். ஒரே வார்த்தை. குரல் என்னுடையதுதான், தம்பி.'